டவர் காம்பஸ்ல சேரப் போறீங்களா, மொதல்ல லிப்ட்ட பாருங்க

மலேசியாவுல, கேஎல்ல (கோலாலம்பூர்ல) நான் படிக்கிற தனியார் யூனிவர்சிட்டி பத்தின ரிவியூ இது. பேரு போடல. திடல் கிடையாது, எல்லாமே ஒரே டவர்ல, கீழ கேண்டீன், நடுவுல லைப்ரரி, அதுக்கு மேல வகுப்புங்க.

நல்லத சொல்லிடுறேன். எல்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல இருந்து கூரை போட்ட நடைபாதை இருக்கு, மழையில நனையாம வந்துடலாம். லைப்ரரி ரொம்ப பிடிக்கும், ஜன்னலோரமா உக்காந்தா மெர்டேக்கா 118 கோபுரம் நேரா தெரியும். ஏர்கோன் குளிரு தாங்காது, ஜாக்கெட் எடுத்துட்டு போங்க.

பிரச்சனை லிப்ட்டுதான். ஆபிஸ் கட்டடம்னா ஆளுங்க கொஞ்சம் கொஞ்சமா வருவாங்க, வகுப்பு அப்படி இல்லல்ல, 9 மணிக்கு ஒரு கூட்டம் முடிச்சு எறங்கும் அதே நேரத்துல இன்னொரு கூட்டம் ஏறணும், எல்லாம் அந்த பத்து நிமிஷத்துக்குள்ள. நம்ம நாட்டு 1984 கட்டட விதியில 4 மாடிக்கு மேல போனா குறைஞ்சது ஒரு லிப்ட் இருக்கணும்னு இருக்கு, ஆனா இந்தக் கூட்டத்துக்கு எத்தன வேணும்ங்கறத கட்டுறவங்கதான் யோசிச்சிருக்கணும்.

எனக்கு கால் இருக்கு, படியேறி போயிடுவேன். என் வகுப்புல வீல்சேர்ல வர்ற தங்கச்சி ஒன்னு இருக்கு. கதவு தொறக்கும், உள்ள ஆளு நெறஞ்சிருக்கும், எல்லாரும் கைப்பேசிய பாத்துக்கிட்டு நிப்பாங்க, அது "பரவால்ல, நீங்க போங்க"ன்னு சொல்லி வீல்சேர பின்னால தள்ளிக்கும். அடுத்த லிப்ட்டும் அதே கதை. லெக்சரர் வருகை எடுத்து முடிச்ச பிறகுதான் உள்ள வருது. ஓகேயூ (மாற்றுத்திறனாளிங்க) சட்டம் 2008லயே வந்துடுச்சு, சாய்தளமும் தனி டாய்லெட்டும் சரியாத்தான் கட்டியிருக்காங்க, ஆனா வகுப்புக்கு நேரத்தோட போய் சேர முடியலன்னா அதெல்லாம் இருந்து என்ன பிரயோஜனம் சொல்லுங்க? இத பாக்கறப்ப எல்லாம் எனக்கு மனசு கொதிக்கும்.

புது லிப்ட் கேக்கல. பெரிய வகுப்புங்கள கீழ் மாடிக்கு மாத்துங்க, ஃபேகல்ட்டிக்கு ஃபேகல்ட்டி 15 நிமிஷம் தள்ளி வகுப்ப ஆரம்பிங்க, கூட்ட நேரத்துல ஒரு லிப்ட்ட ஓகேயூ மாணவர்களுக்குன்னு ஒதுக்கி செக்யூரிட்டி ஆள நிக்க வைங்க. ஆபிஸ்ல எழுதி குடுத்திருக்கோம், இன்னும் பதில் இல்ல.

5க்கு 3. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ பரீட்சை) முடிச்ச பிள்ளைங்களுக்கு இடம் பாக்குற அப்பா அம்மாங்க ஓப்பன் டே அன்னிக்கு மட்டும் போய் பாத்துட்டு காசு கட்டிடாதீங்க, வகுப்பு நடக்கிற ஒரு திங்கக்கிழம காலையில 9 மணிக்கு முன்ன போய் லிப்ட் வாசல்ல நின்னு பாருங்க.