படைக்குப் பேசுவதா, வானொலிக்குச் செய்தி சேகரிப்பதா?

தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காட்டு ஊர்களான கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழும் மலையாளமும் சரளம். செய்தித் துறைக்கு இது பெரிய சொத்து. கேள்வி, அதை ராணுவத்தின் மக்கள் தொடர்பில் போடுவதா, வானொலியில் போடுவதா என்பதுதான்.

2024 ஜூலை 30, வயநாடு நிலச்சரிவை எடுத்துக்கொள்வோம். சூரல்மலையில் ராணுவம் 190 அடி பெய்லி பாலம் (இரும்புப் பாகங்களை இணைத்து விரைவில் எழுப்பும் பாலம்) கட்டியது. அது எத்தனை டன் தாங்கும், எப்போது திறக்கும் என்று படையின் செய்தித் தொடர்பாளர் சொல்ல வேண்டும். ஒரு எண் பிசகினால் மீட்பு வண்டிகளே குழம்பிவிடும். மேலிடம் ஒப்புதல் தராத ஒரு வரியும் வெளியே போகாது. வானொலி நிருபரோ அந்த அறிக்கையை வாங்கிக்கொண்டு முகாமுக்கு நடப்பார், காணாமல் போனவர்களின் வீட்டாரிடம் பேசுவார், "தாமதம் ஏன்?" என்று அதிகாரியிடமே திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வி மக்களுக்கு அவசியம்.

படை வேலைக்கு நேர்வழி குறைவு. பாதுகாப்புத் துறையின் மக்கள் தொடர்பில் முப்படை அதிகாரிகளோடு இந்தியத் தகவல் பணி அதிகாரிகளும் இருக்கிறார்கள். அந்தப் பணிக்கு யூபிஎஸ்சி எழுத வேண்டும். 1909இல் தொடங்கிய படைகளின் இதழ் 'சைனிக் சமாச்சார்' தமிழிலும் மலையாளத்திலும் வருகிறது என்பதால், இரு மொழியும் அங்கே வீண் போகாது.

சம்பளமும் ஓய்வூதியமும் முக்கியமென்றால் படைப் பக்கம். கேள்வி கேட்காமல் இருக்க முடியாதவர் என்றால் வானொலி. இருபது வயதுக்காரர் கேட்டால் முதலில் வானொலி என்றே சொல்வேன். யூபிஎஸ்சி எழுத அப்புறமும் நேரம் இருக்கிறது.