மர விளையாட்டுப் பெட்டி ஒன்றும் அதனுடன் வந்த கையேடும்

மூன்றரை வயதுப் பேத்திக்காக என் மகள் இணையத்தில் 2,150 ரூபாய் கொடுத்து வாங்கிய மரச் சாமான் பெட்டியைப் பற்றியது இந்த மதிப்புரை. ‘குழந்தையின் முழுமையான இயக்கத் திறன் வளர்ச்சிக்கு’ என்று அதன் மூடியில் அச்சிட்டிருக்கிறார்கள். உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், ‘முழுமையான’ என்ற சொல்லிலேயே என் கண் நின்றுவிட்டது. ஆறு வாரங்கள் பேத்தியோடு தரையில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

பெட்டிக்குள் 24 மர மணிகளும் ஒரு கயிறும், மரத்தாலான நட்டு போல்ட்டுகளும், சுத்தியலால் அடித்து இறக்கும் முளைப் பலகையும், வடிவம் பார்த்துப் போடும் பெட்டியும், ஒரு துணிப் பந்தும் இருந்தன. மர வேலையில் குறை சொல்ல இடமில்லை. விளிம்புகள் வழவழப்பாக இருக்கின்றன, ஈரத் துணியால் தேய்த்தும் சாயம் ஒட்டவில்லை. பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் கட்டாயமான ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறது. கயிற்று நுனியில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் குழாய் மட்டும் இரண்டாவது வாரத்திலேயே கழன்று விழுந்து, நுனி பிரிந்துவிட்டது.

பெட்டியின் சிறந்த பொருள் அந்த மணிகள்தான். பேத்தி இடது கையில் மணியைப் பிடித்து, வலது கையால் கயிற்றைத் துளைக்குள் நுழைப்பாள். மறுபக்கம் நுனி எட்டிப் பார்த்ததும் வலது கை கயிற்றை விட்டுவிட்டுச் சுற்றி வந்து அந்த நுனியைப் பற்ற வேண்டும். முதல் வாரம் முழுவதும் அவள் தடுமாறியது இந்தக் கைமாற்றத்தில்தான், நுழைப்பதில் அன்று. பல சிறு செயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை பிசகாமல் நடக்க வேண்டிய இத்தகைய வேலையைத் தொடர்நிரல் திறன் என்போம். சுத்தியலால் ஒருமுறை ஓங்கி அடிப்பதைப் போலத் தொடக்கமும் முடிவும் தெளிவாகத் தெரிவது தனித்த திறன். மிதிவண்டி மிதிப்பதைப் போல இடையில் எல்லை காட்ட முடியாதது தொடர் திறன். இந்தப் பாகுபாடு கையேட்டில் ஓரிடத்திலும் இல்லை.

கையேட்டிற்குத் தெரிந்தது ஒரே பாகுபாடு: பெரிய தசைகள் வேலை செய்தால் பெருந்தசை இயக்கத் திறன், விரல்களின் சிறு தசைகள் வேலை செய்தால் நுண்தசை இயக்கத் திறன். முன்னதற்குச் சிவப்பு ஒட்டுச்சீட்டு, பின்னதற்கு நீல ஒட்டுச்சீட்டு. சுத்தியலுக்குச் சிவப்பு ஒட்டியிருக்கிறார்கள். முதல் நாள் பேத்தி தோளிலிருந்து கையை வீசி அடித்தபோது பாதி அடி பலகையில் விழுந்தது உண்மைதான். ஆனால் நான்காவது வாரத்தில் முழங்கை அசையாமல் மணிக்கட்டால் தட்டி முளையை இறக்கினாள். அதே சுத்தியல், அதே முளை, நிறம் மட்டும் மாறிவிட்டது. இரண்டும் ஒரே கோட்டின் இரு முனைகள் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்.

வரையறையிலும் கையேடு சறுக்குகிறது. பிறந்த குழந்தை நம் விரலை இறுகப் பற்றுவதை ‘முதல் நுண்தசைத் திறன்’ என்கிறது. அது அனிச்சைச் செயல்; சில மாதங்களில் தானே மறைந்துவிடும். ஒரு நோக்கத்துக்காக, நம் விருப்பத்தின்பேரில், பழகிப் பழகிக் கற்றுக்கொள்வதைத்தான் திறன் என்று சொல்ல முடியும். நோக்கம்தான் முக்கியம் என்பதற்கு நட்டு போல்ட்டே சாட்சி: போல்ட்டை நிலையாகப் பிடித்து நட்டைத் திருக வேண்டும் என்கிறது கையேடு, பேத்தியோ நட்டைப் பிடித்துக்கொண்டு போல்ட்டைத் திருகினாள். நட்டு ஏறியது. அசைவு வேறு, திறன் ஒன்றே. இதைத் ‘தவறான முறை’ என்று கையேடு குறிப்பிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது கடைசிப் பக்கத்தைப் பார்த்துத்தான். ‘12 மாதத்தில் நடக்க வேண்டும்’ என்ற ஒற்றை வரியைப் படித்துவிட்டு, பதின்மூன்று மாதமாகியும் சுவரைப் பிடித்தே நடக்கும் என் பேரனை நினைத்து மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் குழந்தைகளைக் கவனித்து 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி, தனியாக நடக்கத் தொடங்கும் காலம் 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை நீள்கிறது. தவழாமலேயே நடந்துவிட்ட குழந்தைகளும் அந்த ஆய்வில் இருந்தார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மற்றதைப் படிக்கும்படி மகளிடம் சொன்னேன்.

இனி ‘முழுமையான’ என்ற சொல்லுக்கு வருகிறேன். 1957-இல் பூல்டன் என்ற உளவியலாளர் திறன்களை மூடியவை, திறந்தவை என்று பிரித்தார். சூழல் அசையாமல் காத்திருக்க, நம் வேகத்தில் செய்வது மூடிய திறன். சூழல் மாறிக்கொண்டே இருக்க, அதற்கு ஈடுகொடுத்துச் செய்வது திறந்த திறன். பின்னர் ஜென்டைல் என்ற அம்மையார், உடல் இடம் பெயர்கிறதா, கையில் பொருள் உண்டா, சூழல் அசைகிறதா, ஒவ்வொரு முறையும் அது மாறுகிறதா என்று கேட்டு 16 கட்டங்கள் கொண்ட அட்டவணை போட்டார். இந்தப் பெட்டியின் மரச் சாமான்கள் அனைத்தும் அதில் ஓரிரு கட்டங்களுக்குள் அடங்கிவிடுகின்றன: குழந்தை உட்கார்ந்தே இருக்கிறது, பொருளும் அதற்காகக் காத்திருக்கிறது. தட்டாங்கல் ஆடினால்கூட மேலே போட்ட கல் நமக்காக நிற்காது.

திறந்த திறனுக்கென்று பெட்டியில் இருப்பது அந்தத் துணிப் பந்து ஒன்றுதான். அது எழும்புவதும் இல்லை, உருட்டினால் நேராகப் போவதும் இல்லை. பேத்தி அதைத் தலையணையாக்கிப் பொம்மைக்குக் கொடுத்துவிட்டாள்.

மூன்று வயது கடந்த குழந்தைக்கு, மணிகளுக்காகவும் சுத்தியலுக்காகவும் இதை வாங்கலாம். 5-க்கு 3 கொடுப்பேன். மணிகள் சிறியவை என்பதால் வாயில் போடும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் எண்ணி எடுத்து வைக்க வேண்டும். நாங்கள் தினமும் இரவு 24 எண்ணுகிறோம். கயிற்று நுனியில் மெழுகைத் தேய்த்து முறுக்கிவிட்டேன், இப்போது நன்றாக நுழைகிறது. தெருமுனைக் கடையில் 30 ரூபாய்க்கு ஒரு ரப்பர் பந்து வாங்கிப் பெட்டியில் போட்டிருக்கிறேன்.