பழைய டஸ்டரா, சின்ன ஹாட்ச்பேக்கா: மகளுக்கு எதைக் கொடுத்தோம்

பதினெட்டு முடிந்த கையோடு மகள் லைசென்ஸ் எடுத்துவிட்டாள். வீடு சேலத்தில், கல்லூரி பெருந்துறையில். வெள்ளிக்கிழமை வந்து திங்கள் விடிந்ததும் கிளம்புவாள். போக வர என்எச் 544தான். வீட்டில் நிற்பது 2014 ரெனோ டஸ்டர் டீசல் எஸ்யூவி, 92,000 கிலோமீட்டர் ஓடியது. இதைத் தள்ளிவிட்டு 2019-க்குப் பிறகு வந்த சின்ன பெட்ரோல் ஹாட்ச்பேக் ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்குவதா, இதையே சரிசெய்து கொடுப்பதா என்று இரண்டு மாதம் மண்டையைக் குடைந்துகொண்டோம். கடைசியில் டஸ்டர்தான். ஏன் என்று சொல்கிறேன்.

சின்ன காரின் நல்லது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சந்தில் திருப்பலாம், நிறுத்த இடம் கிடைக்கும், பராமரிப்பு மலிவு. கூடவே, 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் வேகம் 80-ஐத் தாண்டினால் அவ்வப்போதும் 120-ஐத் தாண்டினால் விடாமலும் ஒலிக்கும் எச்சரிக்கை உண்டு. புதிதாக ஓட்டும் பிள்ளைக்கு அது பெரிய உதவி, எங்கள் வண்டியில் அது கிடையாது. டஸ்டர் உயரமும் கூட. பதறி ஸ்டியரிங்கை ஒடித்தால் கவிழும் அபாயம் தாழ்ந்த காரைவிட அதிகம். வண்டி தடம் புரளும்போது தானே பிரேக் போட்டு அதைத் தடுக்க உதவும் ஈஎஸ்பி எங்களிடம் இல்லை. நாங்கள் பார்த்த ஹாட்ச்பேக்குகளிலும் இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது வேறு. வயதானதை மாற்றலாம், பிறவியிலேயே இல்லாததைக் கொண்டுவர முடியாது. 2017-ல் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் குளோபல் என்கேப் அமைப்பு இந்திய டஸ்டரை மோதிப் பார்த்தபோது, ஏர்பேக் இல்லாத மாடலுக்குப் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்ஜியம் கிடைத்தது. ஓட்டுநர் ஏர்பேக் இருந்த அதே வண்டிக்கு மூன்று நட்சத்திரம். எங்களுடையது மேல் வேரியன்ட்: முன்னால் இரண்டு ஏர்பேக், பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் இரண்டும் உண்டு. இவை இல்லாத பழைய எஸ்யூவி உங்கள் வீட்டில் நின்றால் இந்த ஒப்பீடே வேண்டாம். விற்றுவிட்டுச் சின்ன காரையே வாங்குங்கள்.

ஆனால் முடிவை மாற்றியது வண்டியின் முன்கதை. ஐந்து லட்சம் சொன்ன ஒரு ஹாட்ச்பேக், பார்க்கப் பளபளவென்று இருந்தது. சாவியை ஆன் செய்தால் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். அதில் விளக்கு எரியவே இல்லை. ஏற்கெனவே மோதி ஏர்பேக் வெடித்த காரில் புதிது போடாமல் மூடியை ஒட்டி, விளக்கையும் பிடுங்கிவிட்டால் வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கடினம். அந்தக் காரில் அப்படித்தான் நடந்தது என்று என்னால் சொல்ல முடியாது. தெரியாது என்பதே எனக்குப் போதுமான காரணமாக இருந்தது. டஸ்டர் எங்கே இடித்தது, எங்கே இடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பதினோரு வருட பில்லும் ஒரே ஃபைலில் இருக்கிறது.

அந்த ஃபைல்தான் இன்ஜினுக்குள் வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டையும் காட்டிக்கொடுத்தது. புரட்டிப் பார்த்தால் பெல்ட் மாற்றியதாக ஒரு பில்கூட இல்லை. இந்த 1.5 டீசலில் பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் போய்விடும். ஹைவேயில் ஒரு பிள்ளை தனியாக நிற்க வேண்டிவரும். பெல்ட் கிட்டும் வாட்டர் பம்ப்பும் சேர்த்து 17,000 ஆனது. அடுத்தவர் காரில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யார் இருக்கிறார்?

அடுத்தது டயர். பட்டன், அதாவது டயரின் மேல் வரிப்பள்ளம், நன்றாகவே இருந்தது, நான் மாற்ற நினைக்கவே இல்லை. மெக்கானிக் தம்பி கீழே உட்கார்ந்து பக்கச் சுவரில் இருந்த நான்கு எண்ணைக் காட்டினார்: 3117. "2017-ஆவது வருஷம் 31-ஆவது வாரம் செஞ்சது, அக்கா. பட்டன் இருக்கு, ரப்பர் செத்துப்போச்சு." விரலால் மடக்கிக் காட்டியபோது மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல்தான் பார்த்துக்கொள்ளும், பிடிப்பை ரப்பர்தான் தர வேண்டும். நான்கும் 34,000. ஸ்டெப்னி அதைவிடப் பழையது என்பதால் கழற்றியவற்றில் நல்லதை அங்கே போட்டோம். அது அரைகுறை ஏற்பாடுதான், வேகமாக ஓட்ட ஆகாது.

பிரேக் ஆயிலை நாங்கள் கவனித்ததே இல்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறினால் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போதுதான் அது காட்டும். ஆயில், பேடு, பின் டிரம் ஷூ எல்லாம் 12,000. ஷாக் அப்சார்பர், புஷ்ஷுக்கு 15,000. மொத்தம் 78,000. டஸ்டருக்கு வியாபாரி சொன்ன 2,75,000-ஐ வாங்கி ஹாட்ச்பேக்குக்குக் கைக்காசு போட்டிருந்தால் 2,25,000 போயிருக்கும். அதற்கும் டயர் மாற்ற வேண்டியிருக்காது என்று யார் சொன்னது?

ரிவர்ஸ் கேமரா, எல்இடி விளக்கு என்று ஆசைப்பட்டதை ஒதுக்கிவிட்டோம். முன் பம்பரில் இருந்த இரும்புக் கம்பியையும் கழற்றினோம். அது சட்டவிரோதம், ஏர்பேக் உரிய நேரத்தில் விரிவதையும் கெடுக்கலாம். பின் சீட்டில் பெல்ட் மாட்டும் கொக்கி சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தது. கவரைக் கிழித்து வெளியே எடுத்தோம். தோழிகள் உட்காரப்போவது அங்கேதான்.

இன்ஷூரன்ஸில் ஒன்று: 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பு வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும். ஆர்சி என் பேரில் இருப்பதால் மகளுக்குத் தனியாகச் சேர்த்தேன்.

சீர்செய்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஆர்சி 2029 வரை. அப்போது புதுப்பிப்பதா, கொடுத்துவிடுவதா என்று இப்போது சொல்ல முடியவில்லை. மழைக்காலத்தில் அவள் தனியாக இன்னும் ஓட்டவில்லை. இப்போதைக்கு பெருந்துறைக்குப் பகலில் மட்டும், 80-க்குள். ஏற்காட்டுக்குப் போனால் இறக்கத்தில் நான் பக்கத்தில் உட்காருகிறேன்.