பித்தளை உலையில் பிளாஸ்டிக் எண்ணெய்: ஆறு மாதப் பயன்பாடு

கும்பகோணத்தை அடுத்து நான் நடத்திவரும் சிறிய பித்தளை வார்ப்புப் பட்டறையில், ஆவணியிலிருந்து தை வரை, டீசலுக்குப் பதிலாகக் கழிவு பிளாஸ்டிக்கிலிருந்து வடித்த எண்ணெயை உலையின் பர்னரில் எரித்துப் பார்த்தேன். அரசலாற்றுக்கு அக்கரையில், ஒரு பழைய அரிசி ஆலைக் கொட்டகையில் இயங்கும் சிறு ஆலையில் அதை வாங்கினேன்.

வாங்குமுன் நேரில் போய்ப் பார்த்தேன். காற்றுப் புகாத இரும்புக் கலனில் பிளாஸ்டிக்கை இட்டு 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றுகிறார்கள். அது எரியாமல் ஆவியாகிறது, அந்த ஆவி நீரால் குளிர்ந்த குழாய்களில் எண்ணெயாக இறங்குகிறது, குளிர்ந்தும் திரவமாகாத வாயுவைக் கலனின் அடுப்புக்கே திருப்பிவிடுகிறார்கள். கலனின் அடியில் கரித்தூள் தங்குகிறது. ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர் கிடைக்கும் என்று சொன்னதை மட்டும் நான் நம்பவில்லை. டேராடூனில் இந்தியப் பெட்ரோலிய ஆராய்ச்சி நிறுவனம் 2019-இல் தொடங்கிய ஆலைக்கே ஒரு டன்னுக்கு 800 லிட்டர் டீசல் என்றுதான் கணக்குச் சொல்லப்பட்டது. அப்படியிருக்க, வண்டல் ஒட்டிய யூரியா சாக்கிலிருந்து அதைவிட அதிகம் எப்படி வரும்?

எரிப்பதில் குறை சொல்ல இடமில்லை. பித்தளை உருக 900 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். டீசலில் மூசையில், அதாவது உருக்கும் கலத்தில், பித்தளை இளக எவ்வளவு நேரமானதோ ஏறக்குறைய அவ்வளவு நேரமே இதிலும் ஆனது. விலையோ லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவு. வாடைதான் கடுமை; முதல் வாரம் பக்கத்து வீட்டார் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டார்கள். மார்கழி விடியலில் பேரலுக்குள் எண்ணெய் கஞ்சிபோல் உறைந்து நின்றது. பால் கவரும் சாக்கும் உருகி வந்த எண்ணெயில் மெழுகு மிகுதி என்பதால், வெயில் ஏறும்வரை டீசலில்தான் உலையை மூட்ட வேண்டியிருந்தது.

கார்த்திகையில் வந்த பேரல்தான் தொல்லை தந்தது. மூக்கை எரிக்கும் நெடியோடு அடியில் தண்ணீரும் தேங்கியிருந்தது. பத்தே நாளில் பர்னரின் நாசில் அரித்துப்போயிற்று. விசாரித்ததில், அந்த முறை ஃபிளெக்ஸ் பேனர்களையும் கலனில் போட்டிருக்கிறார்கள். பேனரில் இருப்பது பி.வி.சி.; சூடேறினால் அதிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளிவரும். காதுகுத்துக்குக்கூடத் தெருவை அடைத்துப் பேனர் கட்டும் நம் ஊரில் இதற்குப் பஞ்சமே இல்லை என்பதால், வாசலிலேயே பிரித்தெடுக்காத ஆலையின் எண்ணெயை நம்ப முடியாது. பேரலை மறுபேச்சின்றி மாற்றித் தந்தார்கள், நாசிலுக்கான பணம் மட்டும் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வயலில் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சினுக்கும் இது ஆகும் என்று அங்கே சொல்லி விற்கிறார்கள், அதை ஏற்பதற்கில்லை. இந்த எண்ணெயில் பெட்ரோல் போன்ற இலேசான பகுதியும் மெழுகும் கலந்தே இருக்கின்றன. இலேசான பகுதி எளிதில் தீப்பற்றும், மற்றதில் நாள்பட்டால் பிசின் படிந்து இன்ஜெக்டரை அடைக்கும். தனித்தனியே காய்ச்சிப் பிரித்துச் சுத்திகரிக்காத எதையும் டீசல் என்று அழைக்கக்கூடாது. குறுவை நடவு நேரத்தில் எஞ்சின் நின்றுபோனால், லிட்டருக்கு மிச்சமான காசு மெக்கானிக்குக்கே போதாது.

உலைக்கும் கொதிகலனுக்கும் வாங்கலாம். அதிலும் பேரலை நிழலில், உலையிலிருந்து தள்ளி வைக்க வசதியுள்ளவர்கள் மட்டும் வாங்கலாம். பங்குனித் தேவைக்கு நான் இரண்டு பேரல் சொல்லியிருக்கிறேன். இறக்கும்போது ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மாதிரி எடுத்து, ஒரு நாள் நிற்கவைத்து, அடியில் தண்ணீர் பிரியவில்லை என்று பார்த்த பிறகே பணம் என்று பேசியதற்கு அவர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.