கைப்பாசியா, மிதவைப் பாசியா?

பாம்பன் பாலத்துக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். தென்கடலில் பெண்கள் முங்கி, பாறையில் வளரும் கடல்பாசி வகைகளான மரிக்கொழுந்தையும் கட்டக்கோரையையும் கையால் பறிக்கிறார்கள். வடகடலில் மூங்கில் மிதவை கட்டிப் பாசி வளர்க்கிறார்கள். கையால் எடுப்பதை விட்டுவிட்டு எல்லாரும் வளர்ப்புக்கு வந்துவிட வேண்டும் என்ற யோசனை அடிக்கடி காதில் விழுகிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை.

முதலில் மிதவையின் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் சட்டம். அதில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி. ஆக மிதவைக்கு 60 கிலோ. ஓரா மீன் வந்து மேய்ந்துவிடாமல் அடியில் வலை கட்டிவிட்டால், 45 நாளில் அது சுமார் 260 கிலோவாகிறது. 60 கிலோவை மறுபடி விதைக்கு எடுத்துவைத்து, மீதி 200 கிலோவைக் காயவைத்தால் 20 கிலோ தேறும். ஒருவருக்கு 45 மிதவை இருந்தால் நாளுக்கு ஒன்றாக அறுவடை செய்துகொண்டே போகலாம். கடல் தொழிலில் இப்படி முன்கூட்டியே வரவைக் கணக்குப் போட முடிவது அபூர்வம். கடன் கொடுக்கும் வங்கிக்கும் இந்தக் கணக்கு பிடித்திருப்பதில் வியப்பில்லை.

ஆனால் இது பிலிப்பைன்ஸைப் பூர்வீகமாகக் கொண்ட கப்பாபைகஸ் பாசி. ஒப்பந்த வளர்ப்பைத் தொடங்கிவைத்த நிறுவனத்தின் பெயரால் ஊரில் இதற்கு ‘பெப்சி பாசி’ என்றே பெயர். ஒரே பாசியைத் துண்டு துண்டாக நறுக்கி நட்டு வளர்ப்பதால், ஒன்றுக்கு ஆகாத சூடு எல்லாவற்றுக்கும் ஆகாது. 2013-க்குப் பிறகு கடல் சூடேறியபோது பாசி கொத்துக் கொத்தாக அழிந்து, விளைச்சல் சரிந்தது. நட்டம் மிதவைக்காரர் தலையில் விழுந்தது. இன்னொரு செலவு யார் கணக்கிலும் ஏறவில்லை. தென்கடலில் உள்ள குருசடைத் தீவருகே இந்தப் பாசி பவளப்பாறை மேல் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் 2008-இல் பதிவு செய்தார்கள். மூச்சு முட்டிச் செத்த பவளத்துக்கு விலைச்சீட்டு கிடையாது. அங்கே அடைந்து வளரும் மீன் குறையும்போது அந்த இழப்பைச் சுமப்பவர் நாட்டுப்படகுக்காரர்.

கைப்பாசியில் முதலீடு என்று பார்த்தால் கண்ணாடி, இடுப்பில் கட்டிய வலைப்பை, விரல்களில் சுற்றிய துணிக்கீற்று, அவ்வளவுதான். துணியையும் மீறிப் பாறை கிழிக்கும். உப்புநீர் பட்டுப் பட்டு அந்தக் காயம் ஆறவே ஆறாது. வருமானம் குறைவு. முன்பணம் கொடுத்த வியாபாரி சொன்னதுதான் விலை. இதையெல்லாம் மறைத்துக் கைப்பாசியைப் புகழ நான் விரும்பவில்லை.

ஆனாலும் இந்தப் பெண்கள் செய்திருக்கும் ஒரு காரியத்தை நம் வளர்ச்சித் திட்டங்களில் நான் பார்த்ததில்லை. பாசி குறைவதைக் கண்டு தாங்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது. உலோகச் சுரண்டி கூடாது, கையால் மட்டும். அடிவேரை விட்டுவிட்டு மேலே பறிப்பது. மீன்பிடித் தடைக்காலத்தில் கடலில் இறங்குவதே இல்லை. பொதுச்சொத்து என்றால் ஆளுக்கொரு கை அள்ளி அழித்துவிடுவார்கள் என்ற வாதத்துக்குச் சின்னப்பாலத்துப் பெண்கள் கொடுத்திருக்கும் பதில் இது. அவ்வூர் லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி என்ற பன்னாட்டு விருது கிடைத்ததும் இந்தப் பெண்களுக்காக முன்னின்றதற்குத்தான்.

மூன்றாவதாக இறால் பண்ணையையும் சிலர் சேர்த்துச் சொல்வார்கள். அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. நிலமும் முதலும் உள்ளவருக்கு லாபம், பக்கத்துக் கிணற்றுக்கு உப்பு, கூலிக்காரருக்குக் காவல் வேலை. 1996-இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகத் தலையிட்டதற்குக் காரணங்கள் இருந்தன.

திரும்ப மிதவைக்கும் கைக்கும் வருகிறேன். காற்றைக் கவனித்தால் இவை போட்டியே இல்லை என்பது புரியும். வாடைக்காற்றில் வடகடல் கொந்தளிக்கும், மிதவை நிற்காது. அப்போது தென்கடல் அமைதியாக இருக்கும், கைப்பாசி எடுக்கலாம். கோடையில் கைப்பாசிக்கு ஓய்வு கொடுக்கும் தடைக்காலத்தில் வடகடல் மிதவை சோறு போடும். ஒரே குடும்பம் இரண்டையும் வைத்துக்கொண்டால் பாசிக்கும் ஓய்வு, அடுப்புக்கும் நெருப்பு. மிதவையில் வெளிநாட்டுப் பாசிக்குப் பதிலாக நம் கடலின் கஞ்சிப்பாசியைக் கூடுதலாக வளர்க்கலாம். வருமானம் சற்றுக் குறைந்தாலும் பவளத்துக்கு அந்தப் பயம் இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் 127 கோடி ரூபாயில் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள். வியாபாரியின் முன்பணத்திலிருந்து கைப்பாசிக்காரிகளை விடுவிக்கும் ஒரு கொள்முதல் நிலையத்துக்கும் அதில் இடம் ஒதுக்க வேண்டும்.

ஆனால் தென்கடலில் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. கார்த்திகையில் மிதவையைக் கரையேற்றிக் கவிழ்த்துவிட்டு, அமைதியான தென்கடல் பக்கம் கண்ணாடியோடு போகும் பெண்ணை வனத்துறையினர் தீவுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிடுகிறார்கள்.