கேனுலாவா, வெஞ்சுரி மாஸ்க்கா? புதிய நர்சுகளுக்கு எதை அழுத்திக் கற்றுத்தருவது

செங்கோட்டை, புளியரைப் பக்கத்து ஐசியூக்களில் பயிற்சி கொடுக்கும் சிஸ்டர்களுக்கு இந்தக் குழப்பம் உண்டு. இரண்டும் ஆக்சிஜன் கொடுப்பவைதான்: கேனுலா மூக்கில் வைக்கும் மெல்லிய குழாய்; வெஞ்சுரி, ஆக்சிஜன் சதவீதத்தை வால்வு மாற்றி அமைக்கும் முகமூடி.

அளவு: கேனுலாவில் நிமிடத்துக்கு 1 முதல் 6 லிட்டர். நோயாளி வேகமாக மூச்சிழுத்தால் வெளிக்காற்று கலந்து ஆக்சிஜன் சதவீதம் குறைந்துவிடும்.
வெஞ்சுரியில் 24, 28 என்று வால்வுக்கு ஏற்றபடி ஆக்சிஜன் சதவீதம் ஏறக்குறைய நிலையாக நிற்கும். ஆனால் வால்வில் எழுதியிருக்கும் லிட்டரைத்தான் வைக்க வேண்டும். நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தைப் படிக்கப் பழக்குங்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறலாம்.

வசதி: கேனுலாவோடு கஞ்சி குடிக்கலாம், பேசலாம். மாஸ்க்கைப் பலர் கழற்றிவிடுவார்கள்.
செலவு: கேனுலா மலிவு.

ஆக்சிஜன் லேசாகக் குறைந்தவருக்குக் கேனுலா போதும். அதை ஒரே நாளில் கற்கலாம். கார்பன் டை ஆக்சைடு தேங்கக்கூடிய சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளிக்கு இரத்த ஆக்சிஜன் அளவின் (SpO2) இலக்கு 88–92 சதவீதம். அங்கே வெஞ்சுரிதான் சரி. அதிக நேரத்தை, படுக்கையருகிலேயே, அதற்குக் கொடுங்கள்.