அரைநாள் வழிகாட்டியும் குதிரை பார்க்கத் தெரிந்த மன்னரும்

கடந்த தை மாதம் மன்னார்குடியிலிருந்து என் தாய்மாமாவையும் அத்தையையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் சென்றபோது, அரண்மனையைச் சுற்றிக்காட்ட அரைநாளுக்கு ஒரு வழிகாட்டியை அமர்த்தினோம். அவர் 1,200 ரூபாய் கேட்டார். கூடுதல்தான் என்று தோன்றினாலும் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டேன். ஏனெனில், "நூலகம் வளர்த்த சரபோஜியை எல்லாரும் காட்டிவிடுவார்கள் ஐயா, நான் குதிரைக்கார சரபோஜியைக் காட்டுகிறேன்" என்று தஞ்சையின் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியைப் பற்றி அவர் சொன்னது, இத்தனை ஆண்டுகளில் பத்து முறையாவது அந்த அரண்மனைக்குப் போய்வந்த எனக்குப் புதிதாக இருந்தது.

அறுபது வயதைத் தாண்டிய மனிதர் அவர். தந்தை தஞ்சாவூர் ரயிலடியில் ஜட்கா ஓட்டியவராம். அவர் பேச்சின் பலமும் பலவீனமும் அந்தப் பின்புலத்திலிருந்தே வருகின்றன என்பதைப் பிறகு உணர்ந்தோம்.

கலைக்கூடத்தில் செப்புத் திருமேனிகளை அவர் ஏறக்குறைய ஓடிக் கடந்தார். சோழர் காலத்துச் சிலைகளுக்காகவே வருகிறவர்கள் இவரை அமர்த்த வேண்டாம் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் நின்ற இடம், கைகூப்பிய கோலத்தில் இருக்கும் இரண்டாம் சரபோஜியின் வெண்பளிங்குச் சிலையின் முன்பு. இங்கிலாந்தின் ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கிய அச்சிலையைப் பார்த்தபடியே ஹீபர் பாதிரியாரின் கதையைத் தொடங்கினார். கல்கத்தாவின் பிஷப்பாக இருந்த ரெஜினால்ட் ஹீபர் 1826 மார்ச் மாத இறுதியில் தஞ்சைக்கு வந்து மன்னரைச் சந்தித்தார். அடுத்த சில நாட்களில், ஏப்ரல் 3 அன்று, திருச்சிராப்பள்ளியில் குளிக்கும்போது இறந்தார். அவர் எழுதிவைத்த குறிப்பில், வேதியியலாளர் லவாய்சியரையும் தாவரவியலாளர் லின்னேயசையும் மேற்கோள் காட்டுகிற, ஷேக்ஸ்பியரின் கவிதையை எடைபோடத் தெரிந்த மன்னர் என்ற புகழ்ச்சிக்குப் பக்கத்திலேயே, குதிரையின் தரம் அறிவதில் கைதேர்ந்தவர் என்றும், பதற்றமின்றிப் புலியைச் சுட்டு வீழ்த்துகிறவர் என்றும் அக்கம்பக்கத்து ஆங்கிலேய அதிகாரிகள் அவரை மதித்த செய்தி வருகிறது. முதல் பாதியை எங்கும் கேட்கலாம். இரண்டாம் பாதியை நான் கேட்டது இவரிடம்தான்.

அந்த மதிப்பு வெறும் உபசார வார்த்தை அன்று என்பதற்கு அவர் காட்டிய காரணம் எனக்குப் பிடித்திருந்தது. சரபோஜி பிறந்தது 1777இல். மூன்று ஆண்டுகள் கழித்து, 1780இல், இங்கிலாந்தில் டெர்பி பிரபுவின் பெயரால் எப்சம் குதிரைப் பந்தயம் முதன்முறையாக ஓடியது. பிரபுக்கள் குதிரைக் குட்டிகளின் வம்சாவளியைத் தங்கள் வம்சாவளிக்கு இணையாகப் போற்றிய நாட்டிலிருந்து வந்த அதிகாரிகள், இன்னொருவரின் குதிரைக் கண்ணை எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் அல்லவா? மேலும், 1799 உடன்படிக்கையின்படி ஆட்சி நிர்வாகம் கிழக்கிந்தியக் கும்பினிக்குப் போய், கோட்டையும் உதவித்தொகையும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே மன்னருக்கு எஞ்சிய பிறகு, போருக்குப் போக முடியாத அரசருக்கு வேட்டையும் சவாரியும்தான் மிஞ்சின என்றார் அவர். இது அவருடைய ஊகமே. ஆனால் தள்ளிவிட முடியாத ஊகம்.

கூலிக்கு ஈடான நேரம் அதற்குப் பிறகுதான் வந்தது. பாண்டவர் நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாத்திரத்தை அரண்மனையின் சரசுவதி மகால் நூலகம் 1952இல் படங்களுடன் அச்சிட்டிருக்கிறது. நிறம், நடை, மயிர்ச்சுழி, பல் எனக் குதிரையின் குணங்களை வகைப்படுத்தும் நூல் அது. முற்றத்துத் திண்ணையில் எங்களை உட்காரவைத்து, நுழைவுச்சீட்டின் பின்புறத்தில் ஒரு குதிரைத் தலையை வரைந்து, நெற்றியிலும் கழுத்திலும் எந்தச் சுழி எங்கே வரும் என்று அவர் புள்ளி வைக்கத் தொடங்கியதும், அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த என் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வாழ்நாளெல்லாம் உம்பளச்சேரி மாடு வைத்திருப்பவர். சந்தையில் சுழி சுத்தம் பார்க்காமல் கயிற்றைக் கை மாற்றாதவர்.

"பல்லை எப்படித் தம்பி பார்ப்பீர்கள்?" என்று மாமா கேட்டார். வழிகாட்டி இரண்டு கைகளிலும் மும்மூன்று விரல்களை நீட்டி, கீழ்த்தாடையின் ஆறு முன்பற்கள் என்றார். ஐந்து வயதுக்குள் பால்பல் எல்லாம் விழுந்துவிடும்; பிறகு பல்லின் தலையில் இருக்கும் குழியைத்தான் பார்க்க வேண்டும். நடு இரண்டில் ஆறு வயதிலும், அடுத்த இரண்டில் ஏழிலும், ஓரத்து இரண்டில் எட்டிலும் குழி தேய்ந்து மறையும். ஒவ்வொரு வயதுக்கும் இரண்டிரண்டு விரலாக மடக்கிக் கடைசியில் முஷ்டியை நீட்டி, "இதற்குமேல் விற்கிறவன் சொல்வதுதான் வயது ஐயா" என்றார். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது, கீழே எட்டு என்று மாமா தம் கணக்கைச் சொல்ல, அரைமணி நேரம் எங்களை மறந்து இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

குதிரை வளர்ப்புக்கு டெல்டா ஏற்ற பூமியன்று என்பதையும் அவர் மறைக்கவில்லை. வயலும் சேறுமான மண்ணில் குதிரை என்றைக்கும் வந்த சரக்குதான். பூம்புகாரில் அது கப்பலில் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பாண்டிய நாட்டில் உயர்ந்த குதிரைகளுக்கும் கால் கோணிய குட்டிகளே பிறக்கின்றன என்று மார்க்கோ போலோ எழுதியது அதற்கெல்லாம் பல நூற்றாண்டுகள் பிந்திய செய்தி. வாங்கும் இடத்தில் ஏமாறாத கண் இங்கே அவ்வளவு முக்கியமாக இருந்ததற்கு இதுவே காரணம் என்று அவர் முடித்தபோது, ஹீபரின் குறிப்பு எனக்கு இன்னும் தெளிவாக விளங்கியது.

குறைகளும் உண்டு. கோடியக்கரைக் காட்டில் திரியும் மட்டக்குதிரைகள் சரபோஜியின் லாயத்துக் குதிரைகளின் வாரிசுகள் என்று அடித்துச் சொன்னார். ஆதாரம் கேட்டதற்கு, "எங்கப்பா சொன்னது" என்ற பதில் மட்டுமே வந்தது. படித்ததையும் கேள்விப்பட்டதையும் ஒரே குரலில் சொல்கிறவர் என்பதால், கேட்பவர்தான் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கும் அத்தைக்கும் உட்கார நிழல் கிடைக்கிறதா என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. சூரியன் ஏறுவதற்கு முன், காலை ஒன்பது மணிக்கே தொடங்குவது நல்லது.

முடியும் தறுவாயில், வழியில்தான் இருக்கிறது என்று ஒரு பொம்மைக் கடைக்கு அழைத்துப் போனார். அது வழியில் இல்லை. கடைக்கு வரமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்த முக்கால் மணி நேரம் மிஞ்சும். நாங்கள் சொல்லவில்லை, ஆகவே எங்கள் வீட்டு அலமாரியில் இப்போது மூன்று தலையாட்டி பொம்மைகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று தலையாட்டுவதை நிறுத்திவிட்டது.